பயனில் திரிதலும் பயனுள்ள பயணமும்
(உசாம்பரா மலைகளில் மிதிவண்டிப் பயணம்: ஒரு விரதப் பாடம்)

இல்லறத்தார் ஏற்கும் பன்னிரு விரதங்களுள் அணுவிரதம் ஐந்தினை நம் குழந்தைகளும் வரிசை பிறழாமல் ஒப்பிப்பர். குணவிரதங்களின் நிலை அவ்வாறன்று. அவற்றின் பெயரைக் கேட்டிருப்போம். அன்றாட வாழ்வில் பொருத்திப் பார்த்திருக்க மாட்டோம். அவற்றுள்ளும் அனர்த்ததண்ட விரதம் இக்காலத்திற்கு மிகவும் வேண்டப்படுவது. பயன் ஏதுமின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு விளைக்கும் செயல்களை விலக்குவதே அவ்விரதம்.

அண்மைக் காலமாக "சூழல் காக்கும் சுற்றுலா" என்னும் சொல் பரவி வருகிறது. ஆப்பிரிக்க மலைக்காடுகளின் ஊடேயும் சிற்றூர்களின் ஊடேயும் மிதிவண்டியில் சென்று விடுமுறையைக் கழிப்பது அதில் ஒரு வகை. புகையில்லை, இரைச்சலில்லை, விலங்குகளைத் துரத்துவதில்லை என்பர். நம் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாடுகளில் பணிபுரியும் இந்நாளில் இத்தகைய அழைப்புகள் நம் குடும்பங்களையும் எட்டுகின்றன. இது அகிம்சைக்கு இசைந்த பயணமா? எந்த அளவிற்கு இசைந்தது? தான்சானியா நாட்டின் உசாம்பரா மலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

விரதம் கூறுவது

தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமிகள் திக்விரதம், தேசவிரதம், அனர்த்ததண்ட விரதம் என மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். சமந்தபத்ர ஆசாரியர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் தேசவிரதத்தைச் சிட்சாவிரதங்களுள் சேர்த்துப் போகோபபோக பரிமாணத்தைக் குணவிரதமாகக் கொண்டார். நம் தமிழ் அருங்கலச்செப்பு இந்நூலின் வழி வந்தது. வகுப்பு முறை வேறுபடினும் கருத்து ஒன்றே: செல்லும் திசைக்கும் தொலைவிற்கும் எல்லை வேண்டும், எல்லைக்குள் செய்யும் செயலுக்குப் பயன் வேண்டும்.

அனர்த்ததண்டம் ஐவகைப்படும். பாவத்திற்கு வழிகாட்டும் பாபோபதேசம், கொலைக்கருவி வழங்கும் ஹிம்சாதானம், பிறர்க்குத் தீங்கு நினைக்கும் அபத்யானம், மனத்தைக் கெடுப்பனவற்றைக் கேட்கும் துச்ருதி, கவனமின்றி நடக்கும் பிரமாதசரியை என்பன அவை. இவற்றுள் இறுதியாக நின்ற பிரமாதசரியைக்குச் சமந்தபத்ரர் தரும் விளக்கம் நம் ஆய்விற்கு உரைகல் ஆகும். பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், தாவரங்களைக் கொய்தல் என ஐந்து ஓரறிவுயிர்களையும் வரிசையாகக் கூறி, அவற்றோடு இரண்டினைச் சேர்க்கிறார். ஒன்று வீணே திரிதல். மற்றொன்று பிறரைத் திரியச் செய்தல். சுற்றுலா என்னும் தொழில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சுற்றுலாவின் குற்றங்கள் பட்டியலிடப்பட்டுவிட்டன. அப்பட்டியலையே கையில் கொண்டு மலையேறுவோம்.

மலையும் மக்களும்

உசாம்பரா மலைகள் தான்சானியாவின் வடகிழக்கில், தாங்கா மாநிலத்தில் உள்ளன. கென்யாவின் தைத்தா குன்றுகளில் தொடங்கித் தான்சானியாவின் தெற்கு நோக்கி வளைந்து செல்லும் பழமையான மலைத்தொடரின் ஒரு பகுதி இவை. இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்றால் இங்கு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாகக் காடு அழியாது நின்றதென்பது ஆய்வாளர் கருத்து. தனித்து நின்றமையால் உலகில் வேறெங்கும் காணவியலாத செடிகளும் பறவைகளும் பச்சோந்திகளும் இங்கு உண்டு. வீடுகளின் சன்னல் ஓரங்களில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க வயலெட் என்னும் சிறு பூஞ்செடியின் தாயகம் இம்மலைகளே. 1892-ல் இப்பகுதியின் ஜெர்மானிய ஆட்சி அலுவலராக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் இலேர் இதனை ஐரோப்பாவிற்கு அனுப்பினார். மறு ஆண்டு அது அவர் பெயராலேயே நூலேறியது.

லுவெங்கேரா பள்ளத்தாக்கு இம்மலையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கில் அமானி என்னும் இடத்தில் ஜெர்மானியர் 1902-ல் ஓர் ஆய்வுச்சோலை அமைத்தனர். அதனைச் சூழ்ந்த காடு 1997-ல் இயற்கைக் காப்பகம் ஆயிற்று. மேற்கு உசாம்பராவே மிதிவண்டிப் பயணிகள் மிகுதியும் நாடுவது. தார் எஸ் சலாம் நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் மோம்போ என்னும் ஊர் மலையடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்து சோனி வழியாக 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வளைவுச் சாலை லுஷோட்டோ நகருக்கு ஏறுகிறது. லுஷோட்டோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சூழ உள்ள முகடுகள் 2,200 மீட்டரையும் கடக்கும்.

இங்கு வாழ்வோர் ஷம்பா மக்கள். வாழை, மக்காச்சோளம், அவரை வகைகள், முட்டைக்கோசு, தக்காளி, பிளம்ஸ் ஆகியவற்றைச் செங்குத்தான சரிவுகளில் பயிரிடுவர். இங்கு விளையும் காய்கறிகள் தார் எஸ் சலாம் சந்தை வரை செல்கின்றன. இது ஆளற்ற காடன்று. சிறு சிறு காணிகளாகப் பகுக்கப்பட்ட, மக்கள் நெருங்கி வாழும் மலை என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். பயணி கடக்கும் ஒற்றையடிப்பாதை ஒரு குடும்பத்தின் வயல் வரப்பாகவோ ஒரு பெண் தண்ணீர் சுமக்கும் வழியாகவோ இருக்கும்.

காலும் சக்கரமும்

நம் முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை. நான்கு முழத் தொலைவிற்குத் தரையை நோக்கி, பகலொளியில், உயிர்கள் மிதிபடாமல் அடி வைத்து நடப்பது ஈரியா சமிதி எனப்படும். இளமையில் ஜைனத் துறவியாக இருந்து பின் அந்நெறியை விட்டு வெளிவந்த சதீஷ் குமார் அவர்கள், 1962-ல் தில்லியிலிருந்து புறப்பட்டு, கையில் பணமின்றி, மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நகரங்களுக்கு அணுகுண்டை எதிர்த்து நடைப்பயணம் சென்றார். கடலைக் கடக்க மட்டும் கப்பல் ஏறினார். நடையின் அறம் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு அது சான்று.

மிதிவண்டி நடைக்கு ஈடாகாது. ஆனால் எந்திர ஊர்திகளுள் நடைக்கு மிக அருகில் நிற்பது அதுவே. ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் செல்வோன் தரையைக் காண்கிறான். எதிர்வரும் முதியவருக்கு வணக்கம் சொல்கிறான். இறக்கத்திலோ அதே வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தொடும். அப்போது அவன் காண்பது பாதையை மட்டுமே. பாதையில் இருப்பவற்றை அல்ல. ஈரியா சமிதி துறவோர்க்குரியதாயினும் அதிலிருந்து இல்லறத்தான் பெறத்தக்க விதி ஒன்றுண்டு: கண்டு நிறுத்தக்கூடிய வேகத்திற்கு மேல் இறங்கலாகாது. காட்டுப் பாதையின் குறுக்கே சியாஃபு என்னும் படையெறும்புகள் கயிறுபோல் திரண்டு செல்லும். பச்சோந்தி ஓர் அடி எடுத்து வைக்கப் பலமுறை தயங்கும். அத்தகைய இடங்களில் இறங்கி வண்டியைத் தூக்கிக் கடப்பதே முறை. பொழுது சாய்ந்தபின் ஓட்டுதல் அறவே கூடாது.

வண்டியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தோல் இருக்கை விலக்கத்தக்கது. துணி அல்லது செயற்கைப் பொருளால் ஆனது எளிதில் கிடைக்கும். புதிய வண்டியை விமானத்தில் ஏற்றிச் செல்வதினும் லுஷோட்டோவில் வாடகைக்கு எடுப்பது சுமையைக் குறைக்கும். உள்ளூரில் பழுது நீக்குவோர்க்கும் பிழைப்பாகும். மூட்டை எவ்வளவு? பரிக்கிரக பரிமாணம் என்பது இங்கு நூற்பொருளாக நில்லாது. தேவையற்ற ஒவ்வொரு கிலோவையும் மலை ஏறும்போது தொடைகளே எண்ணிக் காட்டும்.

நிலவுயிர்

உசாம்பராவின் பெருங்கவலை மண்ணரிப்பு. சரிவுகளில் காடு அழிந்து வயலானபின் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைப் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுசெல்கிறது. ஆங்கிலேய ஆட்சியினர் 1940-களின் பிற்பகுதியில் ம்லாலோ பள்ளத்தாக்கில் தொடங்கி, பின் மலை முழுதும் பாத்தி வரப்புகள் கட்டுமாறு குடியானவர்களைக் கட்டாயப்படுத்தினர். கடும் உழைப்பு வேண்டிய அவ்வேலை பெண்கள் தலையில் விழுந்தது. மக்கள் எதிர்த்தனர், 1950-களின் இறுதிக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 1980-களில் ஜெர்மனியின் உதவியோடு நடந்த திட்டம், சரிவுக்குக் குறுக்கே புல்வரிகளையும் மரங்களையும் நடும் முறையைக் கொணர்ந்தது. அப்புல் கால்நடைத் தீவனமாகவும் பயன்பட்டது.

இச்செய்தி பயணிக்கு எதற்கு? ஈரமான ஒற்றையடிப்பாதையில் சக்கரம் பதித்த கோடு அடுத்த மழையில் வாய்க்காலாகிறது. வளைவில் நிறுத்துக்கட்டையை இறுகப் பிடித்துச் சறுக்குவது விளையாட்டாகத் தோன்றும். அது நிலத்தைக் கிளறுதலே. புல்வரி வழியே குறுக்குப்பாதை எடுப்பது ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பைக் குலைக்கும்.

நீருயிர்

இக்காடுகள் நீர் சுரப்பவை. கிழக்கு உசாம்பராவில் பிறக்கும் சிகி ஆறே தாங்கா நகருக்குக் குடிநீர் தருகிறது. இருப்பினும் மலையூர்களில் பல வீடுகளுக்குத் தண்ணீர் தலைச்சுமையாகவே வருகிறது. வியர்த்து வந்த பயணி இருமுறை நீராடினால் அந்நீரைச் சுமந்தவர் யார் என எண்ணவேண்டும்.

தண்ணீரை வடிகட்டிப் பருகுவது நம் குலவழக்கம். இங்கு அது இரட்டிப்புப் பயன் தரும். இரட்டைத் துணியில் வடித்து, துணியில் தங்கியதை நீர் எடுத்த இடத்திலேயே அலசி விடுவது உயிரோம்பல். நோய்க்கிருமிகளுக்குத் துணி மட்டும் போதாது. ஆகையால் சமைக்கும் அடுப்பிலேயே நீரையும் காய்ச்சித் தருமாறு வீட்டாரை வேண்டலாம். இதனால் பிளாஸ்டிக் புட்டிகள் மலையில் சேர்வதும் தவிரும். தான்சானியா அரசு 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துள்ளது. பயணிகளுக்கும் இத்தடை பொருந்தும். துணிப்பையே கொண்டு செல்க.

தீயுயிரும் காற்றுயிரும்

தான்சானியாவில் பெரும்பாலான இல்லங்களில் சமையல் விறகாலும் கரியாலுமே நடைபெறுகிறது. விடுதியில் வெந்நீர் கேட்டால் காட்டின் ஒரு கிளை எரிகிறது என்பது பொருள். குளிர் மிகுந்த ஜூலை இரவில் முதியோர்க்கு அது தேவை. இளைஞர்க்கு அது வழக்கம் மட்டுமே. தேவையையும் வழக்கத்தையும் பிரித்தறிவதே அனர்த்ததண்ட விரதத்தின் உயிர்நாடி.

கொசுவிற்கும் இவ்விடத்திலேயே ஒரு சொல். தாழ்நிலங்களில் மலேரியா உண்டு. மருத்துவர் கூறும் தடுப்பு மருந்தை விடலாகாது. கொல்லும் புகையினும் வலையும் முழுக்கை உடையும் நமக்கு ஏற்றவை. வாராமல் காப்பது கொன்று காப்பதினும் சிறந்தது.

இனி, யாவரும் கடந்து செல்ல விரும்பும் கணக்கினைக் காண்போம். மலையில் ஒரு வாரம் ஜீப்பில் 100 கிலோமீட்டர் சுற்றினால் ஏறத்தாழ 10 லிட்டர் எரிபொருள் எரியும். அதனால் சுமார் 25 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். மிதிவண்டி அதனைத் தவிர்க்கிறது, நன்று. ஆனால் சென்னையிலிருந்து தார் எஸ் சலாமிற்கு வான்வழி சுமார் 5,000 கிலோமீட்டர். போய்வர 10,000 கிலோமீட்டர். பயணி ஒருவர் பங்கிற்கு ஏறத்தாழ ஒரு டன், அஃதாவது 1,000 கிலோ. மிதிவண்டியால் தவிர்த்ததைப் போல் நாற்பது மடங்கு, மலையைக் காணுமுன்னரே எரிந்துவிடுகிறது. நம் நாட்டில் ஒருவர் சராசரியாக ஓராண்டில் வெளிவிடுவது சுமார் இரண்டு டன் என்பதையும் ஒப்பு நோக்குக. சிறு தீயை அணைத்துப் பெருந்தீயை மூட்டுவதனைச் "சூழல் காப்பு" என்று அழைத்தால் அது சொல்லளவில் நிற்பது; சத்திய அணுவிரதத்திற்கும் ஒவ்வாதது.

ஆகவே விடுமுறைக்காக மட்டுமே இங்கிருந்து பறந்து செல்வதை விரதத்தின் நோக்கில் ஆதரிக்க இயலாது. பணி நிமித்தம் தார் எஸ் சலாமிலோ நைரோபியிலோ வாழும் நம்மவர்க்கும், வேறு கடமைக்காக அங்குச் செல்வோர்க்கும் நிலைமை வேறு. அவர்கள் விலங்குகளைத் துரத்தும் ஜீப் பயணத்தை விடுத்து, பேருந்தில் லுஷோட்டோ சென்று மிதிவண்டியில் ஊர்களைக் காண்பது உண்மையிலேயே தீங்கைக் குறைக்கும் தேர்வாகும். கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு ஜைனர் புதியவரல்லர். குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியினரான ஓஷ்வால் ஜைனர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அங்கு வணிகம் செய்து வருகின்றனர். மொம்பாசாவிலும் நைரோபியிலும் ஜினாலயங்கள் உள்ளன. அவர்கள் சுவேதாம்பர மரபினராயினும், நம் பிள்ளைகளுக்குத் தூய உணவும் நல்ல துணையும் கிடைக்க அத்தொடர்பு உதவும்.

தாவரவுயிர்

பாறையிடுக்கில் பூத்திருக்கும் வயலெட் செடியைப் பறிப்பது எளிது. அதன் சில வகைகள் ஒரு சில பாறைச் சரிவுகளிலேயே எஞ்சியுள்ளன என்பதை அறிந்தவன் கை நீட்டமாட்டான். அறியாமல் செய்யும் தீங்கு வேறொன்றும் உண்டு. அமானிப் பகுதியில் வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து நடப்பட்ட மேசோப்சிஸ் என்னும் மரம், மரம் வெட்டப்பட்ட வெளிகளில் பரவி இயற்கைக் காட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சக்கரத்தின் சேற்றில் ஒட்டிய விதையும் அவ்வாறே ஊர்விட்டு ஊர் செல்லும். காட்டினுள் நுழையுமுன் சக்கரங்களையும் காலணிகளையும் துடைத்துச் சேற்றை நீக்குவது சிறு செயல். ஆயினும் விரதம் என்பது சிறு செயல்களின் தொகுதியே.

திரிதலும் திரியச் செய்தலும்

பட்டியலின் இறுதி இரண்டும் மனிதரைப் பற்றியவை. நாம் மிதிவண்டியில் செல்ல, நம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் பின்தொடருமாயின், நாம் திரியாமல் பிறரைத் திரியச் செய்கிறோம். பல நிறுவனங்களின் "தூய" பயணங்களில் இவ்வண்டி கண்ணில் படாமல் வருவதுண்டு. முன்பணம் கட்டுமுன் இதனைக் கேட்டறிக.

வழிகாட்டி வேண்டும், காப்புக்காட்டிற்குள் செல்ல அனுமதியும் வேண்டும். 1990-களின் நடுப்பகுதியில் நெதர்லாந்து வளர்ச்சி நிறுவனத்தின் துணையோடு தான்சானியாவில் பண்பாட்டுச் சுற்றுலாத் திட்டம் உருவாயிற்று. ஊர்மக்களே வழிகாட்டிகளாக இருந்து, வருவாயின் ஒரு பகுதியை ஊர்ப்பணிக்கு ஒதுக்குவது அதன் கருத்து. லுஷோட்டோ அதன் தொடக்ககால மையங்களுள் ஒன்று. அத்தகைய உள்ளூர் வழிகாட்டிக்கு உரிய கூலியைப் பேரம் பேசாது தருக. கூலியைக் குறைத்துவிட்டு வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவது தானமன்று. அது குழந்தைகளைச் சாலையில் நிறுத்திக் கையேந்தப் பழக்கும். கொடுக்க விரும்பினால் பள்ளி ஆசிரியரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுக் கொடுக்கலாம். எவரேனும் பச்சோந்தியைக் கிளையிலிருந்து பிரித்து வந்து காட்டிக் காசு கேட்டால் மறுத்துவிடுக. நாம் தரும் காசு நாளை மற்றொரு பச்சோந்தியைப் பிரிக்கும். அது பாபோபதேசத்தினும் வலிய தூண்டுதல்.

முதியோரைக் கண்டால் "ஷிகாமோ" என வணங்குவது சுவாஹிலி மொழி வழக்கு. அவர் "மரஹாபா" என ஏற்பார். இவ்வணக்கத்திற்குமுன் புகைப்படக் கருவியை எடுப்பது அநாகரிகம்.

உணவும் பொழுதும்

ஊனுணவு தவிர்த்தல் இங்குக் கடினமன்று. மக்காச்சோள மாவில் செய்யும் உகாலி, மஹராகே என்னும் அவரைக் குழம்பு, வேகவைத்த வாழைக்காய், ம்சிச்சா என்னும் கீரை (நம் முளைக்கீரையின் இனம்), சோறு, சப்பாத்தி ஆகியவை எங்கும் கிடைக்கும். "சிலி ந்யாமா" என்றால் "இறைச்சி உண்பதில்லை" என்று பொருள். அத்தோடு நில்லாமல் மீன், முட்டை, எலும்புச் சாறு ஆகியவற்றையும் தனித்தனியே மறுத்துச் சொல்வது நன்று. கிழங்கு விலக்குவோர் உருளையும் கேரட்டும் இங்கு மிகுதி என அறிந்து முன்னரே கூறவேண்டும். வழியில் தேனும், சில ஊர்களில் கரும்புச்சாற்றுக் கள்ளும் அன்போடு தரப்படலாம். அன்பை ஏற்றுப் பொருளைக் கைகூப்பி மறுக்கலாம்.

இரவுண்ணாமை இங்கு வியத்தகு முறையில் எளிதாகிறது. நிலநடுக்கோட்டிற்கு அருகாமையால் ஆண்டு முழுதும் ஆறு மணிக்குச் சற்றுப் பின் கதிரவன் மறையும். சுவாஹிலி மக்கள் நேரத்தையும் உதயத்திலிருந்தே எண்ணுகின்றனர். நம் காலை ஏழு மணி அவர்க்கு முதல் மணி, மாலை ஆறு அவர்க்குப் பன்னிரண்டாம் மணி. "பதினொன்றாம் மணிக்கு உணவு வேண்டும்" என்று கேட்டால் மாலை ஐந்திற்கு இலை விரியும். நம் முன்னோர் உதயாதி நாழிகை எண்ணிய வழக்கம் இங்குச் சந்தைப் பேச்சில் உயிரோடிருக்கிறது. நான்கு மணிக்குள் பயணத்தை முடித்துக்கொள்வோர்க்கே இது கைகூடும்.

எல்லையும் பருவமும்

திசை எல்லையை மலை, ஆறு, காடு, ஊர் ஆகிய அறியப்பட்ட அடையாளங்களால் வகுக்குமாறு நூல்கள் கூறும். பயணத்தின் ஒவ்வொரு காலையும் தேசவிரதம் ஏற்க இம்மலை பொருத்தமானது. முதல் நாள் லுஷோட்டோவிலிருந்து இரெந்தே முனை வரை சென்று மீள்க. அங்கு நின்றால் மாசாய் சமவெளி காலடியில் விரியும். இரண்டாம் நாள் மகம்பா காட்டின் ஓரமாக லுகோசி வழியே செல்க. அடுத்த நாட்களில் மலையின் வடமேற்கு விளிம்பில் உள்ள ம்டாயே ஊரை அடைக. வானம் தெளிந்தால் அங்கிருந்து கிளிமஞ்சாரோவும் தோன்றும். நாளொன்றிற்கு 20 முதல் 30 கிலோமீட்டர் போதும். "இன்று இவ்வூருக்கு அப்பால் செல்லேன்" என உறுதி கொண்டவன் விரையான். விரையாதவன் தீங்கு குறைவாகச் செய்கிறான். "போலே போலே", மெல்ல மெல்ல என்பது அவ்வூர் மக்களின் அன்றாடச் சொல்லும் ஆகும்.

பருவத்தைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. மழைக்காலத்தில் முளைகளும் பூச்சிகளும் பெருகுதலால் துறவோர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவர். இல்லறத்தாரும் பயணத்தைக் குறைப்பர். உசாம்பராவில் பெருமழை மார்ச் முதல் மே வரை. சிறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் சாதுர்மாசத்தின் பெரும்பகுதி அங்கு வறண்ட காலம். அங்குப் பெருமழை பொழியும்போது நமக்குக் கோடை. மாதப்பெயரை மட்டும் பற்றினால் விரதத்தின் காரணம் நழுவும். காரணத்தை மட்டும் பற்றினால் மரபு நழுவும். இரண்டும் இசையும் காலம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களும், சாதுர்மாசத்திற்கு முந்திய ஜூன் மாதமும் ஆகும்.

முடிவுரை

இவற்றையெல்லாம் பத்திரிகையில் எழுதுவதே பிறரைத் திரியச் செய்தலாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. யாவரும் புறப்படுக என்று இக்கட்டுரை கூறவில்லை. செல்லவேண்டிய தேவை உடையவர் எவ்வாறு செல்வது என்பதையும், தேவையில்லாதவர் ஏன் தங்கலாம் என்பதையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டியது. அவ்வளவுகோல் நம் ஊர்களுக்கும் பொருந்தும். பொன்னூர் மலை தரிசனத்திற்குப் பக்கத்து ஊரிலிருந்து தனி மகிழுந்தில் செல்லும் குடும்பமும், உசாம்பராவில் பச்சோந்திக்காக இறங்கி நடக்கும் இளைஞனும் ஒரே விரதத்தின்முன் நிற்கின்றனர். தொலைவு ஒருவரைக் குற்றவாளியாக்காது. அருகாமை மற்றவரை விடுவிக்கவும் செய்யாது. பயனும், அளவும், விழிப்புமே கேட்கப்படும்.

குடும்பத்தோடு சிந்திக்க:

1. சென்ற ஓராண்டில் நம் வீட்டார் மேற்கொண்ட பயணங்களுள் பயன் கருதியவை எவை? வழக்கத்தால் நேர்ந்தவை எவை?
2. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தனுள் நம் பயணங்கள் எதனை மிகுதியாக வருத்தின?
3. நமக்காகத் திரிந்தவர் யார்? அவர்க்கு உரியது முழுதும் சென்றதா?
4. வரும் சாதுர்மாசத்திற்கு நம் குடும்பம் ஏற்கக்கூடிய திசை எல்லை எது?

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!